ரத்தப் புற்றுநோயும் நெஞ்சுல கோக்கற நீரும்: டாக்டர் பதில்கள்

எலும்பு மஜ்ஜைல இருக்கற பிளாஸ்மா செல்லுங்கள்ல வர்ற ரத்தப் புற்றுநோயான மல்டிபிள் மைலோமா பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பலது மூச்சு வாங்கறதைப் பத்தியும் நெஞ்சுல நீர் கோக்கறதைப் பத்தியும்தான் இருந்துச்சு. அதிகம் பேசப்படாத விஷயம்ங்கறதால இந்த தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேண்டாம்னு எல்லாரும் கேட்டிருக்கீங்க, போடல.

கேள்வி: டாக்டர் வணக்கம். எங்க அப்பாவுக்கு வயசு 66. ரெண்டு வருஷமா மைலோமாவுக்கு ட்ரீட்மென்ட் எடுக்கறாரு, நடுவுல நல்லாவே இருந்தாரு. இப்போ கொஞ்ச நாளா படுத்தா மூச்சு முட்டுது, வறட்டு இருமல். எக்ஸ்ரேல இடது பக்கம் நீர் கோத்திருக்குன்னாங்க. முதல்ல நிமோனியான்னு ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, குறையல. அப்புறம் நீர் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, ஏடிஏ அதிகமா இருக்கு, அதனால டிபி, மாத்திரை ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க. என் தம்பியோ கேன்சர் நுரையீரலுக்கு பரவிடுச்சு அதான் இதுன்னு அழறான். எதை நம்பறது?

பதில்: அம்மா, முதல்ல தம்பிகிட்ட சொல்லுங்க, மைலோமா இருக்கறவங்களுக்கு நெஞ்சுல நீர் கோத்தாலே கேன்சர் பரவிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மைலோமா நோயாளிகள் 100 பேரை எடுத்துக்கிட்டா அதுல ஏறக்குறைய 6 பேருக்கு நோயோட ஏதோ ஒரு கட்டத்துல நீர் கோக்குது, ஆனா மைலோமா செல்லே நேரா நுரையீரல் உறைக்குள்ள போய் நீர் கோக்க வைக்கறது 100ல ஒருத்தருக்கும் கீழதான். மீதி எல்லாருக்கும் காரணம் வேற. அதே சமயம் டிபின்னு சொன்னதையும் அப்படியே ஏத்துக்காதீங்க, உங்க கடிதத்துல என்னை நிறுத்தின இடமே அந்த ஏடிஏ வரிதான், அதுக்கு வர்றேன்.

நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிசான உறை இருக்கு, ப்ளூரான்னு சொல்வோம். ஒண்ணு நுரையீரலை ஒட்டி, இன்னொண்ணு விலா எலும்புக்கு உள்பக்கமா ஒட்டி. நடுவுல 10, 20 மில்லி நீர் எப்பவுமே இருக்கும், மூச்சு விடறப்போ ரெண்டும் உரசாம இருக்க அது வேணும். இந்த நீர் ஊறிக்கிட்டே இருக்கும், நிணநீர்க் குழாய் வழியா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். ஊறறது அதிகமானாலோ வடியற வழி அடைச்சாலோ நீர் தேங்கிடும். நின்னபடி எடுக்கற எக்ஸ்ரேல தெரியணும்னா சுமாரா 200 மில்லியாவது சேர்ந்திருக்கணும், அல்ட்ராசவுண்ட்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்சிடும்.

மைலோமா இருக்கறவருக்கு ஏன் தேங்குது? பெரிய பட்டியல் அது. இந்த நோய்ல உடம்புல நல்ல ஆன்டிபாடி குறைஞ்சு போயிடுது, அதனால நிமோனியா சுலபமா வரும், நிமோனியா பக்கத்துல நீர் கோக்கும், சில சமயம் அது சீழாவே மாறிடும். கிட்னி பாதிச்சா நீர் தேங்கும். ரத்தத்துல ஆல்புமின் குறைஞ்சா தேங்கும். இதயம் சரியா பம்ப் பண்ணலைன்னா தேங்கும், இதுல ஒரு முக்கியமான விஷயம் என்னன்னா மைலோமா செல்லுங்க விடற லைட் செயின்ங்கற ஆன்டிபாடித் துண்டு புரதம் சிலருக்கு அமிலாய்டுங்கற கரையாத புரதமா மாறி இதயத் தசைல படிஞ்சு அதை விறைப்பாக்கிடும், எப்பவாவது ப்ளூராவுலயே படிஞ்சிடும், அப்போ நீர் போற மாத்திரை எவ்வளவு குடுத்தாலும் நெஞ்சு நீர் குறையாது. மைலோமாவுக்கு கார்ஃபில்சோமிப் ஊசி போட்டுக்கறவங்கள்ல சிலருக்கு அந்த மருந்தே இதயத்தை பலவீனமாக்கும். லெனலிடோமைட், தாலிடோமைட் மாதிரி மைலோமா மாத்திரைங்க ரத்தக் கட்டியை உண்டாக்கலாம், கட்டி கால்லருந்து நுரையீரலுக்குப் போனா அங்கயும் கொஞ்சம் நீர் கோக்கும். அதனாலதான் எக்கோ, கிட்னி டெஸ்ட், ஆல்புமின், தேவைப்பட்டா ரத்தக்குழாயைப் பாக்கற சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எல்லாம் கேக்கறோம். சிடிக்கு மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி மைலோமா இருக்கு, கிட்னி நிலைமை இதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இதெல்லாம் போக கடைசியா அந்த அரிதான காரணம். மைலோமா செல் உறைக்குள்ள எப்படிப் போகுதுன்னா, பெரும்பாலும் பக்கத்து விலா எலும்புல இருக்கற கட்டி வளர்ந்து உள்ள நுழையும், இல்ல உறை மேலயே சின்னச் சின்ன முடிச்சா படியும், இல்ல நெஞ்சுக்கு நடுவுல இருக்கற நெறிகட்டிகள்ல மைலோமா போய் நிணநீர் வடியற வழிய அடைக்கும். எந்த ஆன்டிபாடியைச் சுரக்குதுங்கறதை வச்சு மைலோமாவை வகை பிரிப்போம், வெளியான கேஸ் ரிப்போர்ட்டுகள்ல ஐஜிஏ வகை மைலோமாவுல இது கூடுதலா பதிவாகியிருக்கு. அப்பாவோட பழைய ரிப்போர்ட்ல என்ன வகைன்னு எழுதியிருக்கும், பாருங்க.

இப்போ ஏடிஏ. இது ஒரு என்சைம், நோய் எதிர்ப்பு செல்லுங்க நெறைய இருக்கற நீர்ல அதிகமா இருக்கும். டிபி அதிகமா இருக்கற நாடுகள்ல நெஞ்சு நீர்ல ஏடிஏ 40க்கு மேல இருந்தா டிபின்னு நினைக்கறது வழக்கம், பெரும்பாலான நோயாளிங்க விஷயத்துல அது சரியாவும் இருக்கும். ஆனா மைலோமாவோட பிளாஸ்மா செல்லும் அதே எதிர்ப்பு செல் குடும்பத்துல இருந்து வந்ததுதான், அதனால மைலோமா நீர்லயும் ஏடிஏ ஏறும், லிம்ஃபோமாங்கற நிணநீர்ப் புற்றுநோய் நீர்லயும் ஏறும், சீழ் கோத்திருந்தாலும் ஏறும். மைலோமாவால வந்த நீரை ஏடிஏவை மட்டும் வச்சு டிபின்னு நினைச்சு மாத்திரை குடுத்து வாரக்கணக்குல காத்திருந்த கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு. அந்த வாரங்கள் நோயாளிக்கு ரொம்ப முக்கியமான வாரங்கள், அதான் என் ஆதங்கம்.

அது மட்டும் இல்ல. டிபி மாத்திரைல முக்கியமான ரிஃபாம்பிசின், கல்லீரல் மருந்துகளை உடைக்கற வேகத்தைக் கூட்டிடும். மைலோமாவுக்கு குடுக்கற போர்டெசோமிப், டெக்ஸாமெத்தாசோன் ரெண்டும் அதனால உடம்புல குறைஞ்சு போகும். அதாவது இல்லாத டிபிக்கு 6 மாசம் மாத்திரை சாப்ட்டா, இருக்கற மைலோமாவுக்கு குடுக்கற மருந்தும் சரியா வேலை செய்யாது. அதுக்காக டிபியே இருக்காதுன்னு நான் சொல்லல, எதிர்ப்பு சக்தி குறைஞ்ச உடம்புல நிஜமாவே டிபியும் வரும். உறுதி பண்ணிட்டு ஆரம்பிங்கன்னுதான் சொல்றேன்.

உறுதி பண்றது எப்படி? ஏற்கனவே நீர் எடுத்தாச்சு இல்லையா, அதை எந்தெந்த டெஸ்டுக்கு அனுப்பினாங்கன்னு கேளுங்க. புரதம், எல்டிஹெச், செல் கணக்கு பண்ணியிருப்பாங்க, 1972ல ரிச்சர்ட் லைட்ங்கற டாக்டர் குடுத்த அளவுகோலை வச்சு இது அழற்சியால வந்த நீரா, இதயம் கிட்னியால தேங்கின நீரான்னு பிரிப்பாங்க. அது முதல் படிதான். செல்லை மைக்ராஸ்கோப்ல பாக்கற சைட்டாலஜிக்கு போச்சா? போயிருந்தா அந்த ஃபார்ம்ல மைலோமா நோயாளின்னு எழுதினாங்களா? இது சின்ன விஷயமா தெரியும், ஆனா எழுதலைன்னா மைக்ராஸ்கோப்ல பாக்கறவருக்கு பிளாஸ்மா செல்லைத் தேடணும்னே தோணாம போகலாம். பிளாஸ்மா செல் தெரிஞ்சாலும் அது கேன்சர் செல்தானான்னு பாக்கணும், ஏன்னா டிபிலயும் மத்த அழற்சிலயும் சாதாரண பிளாஸ்மா செல் வரும். அதைப் பிரிச்சு சொல்றது ஃப்ளோ சைட்டோமெட்ரி. செல் மேல இருக்கற சிடி38, சிடி138னு சில அடையாளங்களைப் பார்த்து, எல்லா செல்லுலயும் லைட் செயின் கப்பா மட்டுமோ லாம்டா மட்டுமோன்னு ஒரே மாதிரி இருந்தா மைலோமான்னு சொல்லும். இதுக்கு நீர் ஃப்ரெஷ்ஷா போகணும், நாள் கணக்குல கிடந்த சாம்பிள்ல செல்லுங்க சிதைஞ்சு போயிடும். நீர்ல எம் புரோட்டீன், அதாவது மைலோமா செல் சுரக்கற புரதம், இருக்குன்னு மட்டும் ரிப்போர்ட் வந்தா அதை வச்சு முடிவு பண்ண முடியாது, ரத்தத்துல இருக்கறது கசிஞ்சும் வந்திருக்கலாம்.

முதல் தடவை செல் கிடைக்கலைன்னா இன்னொரு தடவை நீர் எடுத்து, 50 மில்லியாவது அனுப்பச் சொல்லுங்க. அப்பவும் தெளிவா இல்லைன்னா ப்ளூரா பயாப்ஸி, உறைல ஒரு சின்ன துண்டை கேமரா விட்டுப் பார்த்தே எடுப்பாங்க. அந்த ஒரே துண்டுல டிபியும் தெரியும் மைலோமாவும் தெரியும், கல்ச்சருக்கும் அனுப்பலாம். சிடி இல்ல பெட் சிடில விலா எலும்பு, உறை ரெண்டையும் பார்த்துடுவாங்க. அப்பாவோட ரத்த எம் புரோட்டீன், ஃப்ரீ லைட் செயின் ஏறுதான்னு ஹெமட்டாலஜிஸ்ட், அதாவது ரத்த டாக்டர், கட்டாயம் பார்க்கணும். ஆனா ரத்தத்துல அளவு பெருசா ஏறாமலே மஜ்ஜைக்கு வெளிய நோய் தலைதூக்கறதும் உண்டு, அதனால ரத்தம் நல்லா இருக்குன்னு சொல்லி நீரை விட்டுடக் கூடாது.

இன்னொண்ணு, அவரு டெக்ஸாமெத்தாசோன் எடுக்கறவரா இருந்தா காய்ச்சலே இல்லாம கூட இன்ஃபெக்ஷன் இருக்கலாம். காய்ச்சல் இல்லைங்கறதை வச்சு நிம்மதியாகாதீங்க. நுரையீரல் டாக்டரும் ரத்த டாக்டரும் ஒருத்தருக்கொருத்தர் நேரா பேசணும், நீங்க நடுவுல ஃபைல் தூக்கிட்டு அலைஞ்சு சொல்றதுல பாதி விட்டுப் போகும். ஃபோன்லயாவது பேச வைங்க, கேக்கறதுக்கு தயங்காதீங்க.

கேள்வி: என் மாமியாருக்கு மைலோமா, ஃப்ளோ டெஸ்ட்லயே உறுதியாயிடுச்சு. மூணு தடவை நீர் எடுத்தும் மறுபடி கோத்துடுது. எடுக்க எடுக்க உடம்புல சத்து போயிடும், எடுக்காதீங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ட்யூப் போடலாம்ங்கறாங்க டாக்டர். பயமா இருக்கு.

பதில்: சத்து போறதுங்கறது முழுக்கப் பொய்யும் இல்ல, அந்த நீர்ல புரதம் இருக்கு, அடிக்கடி நெறைய எடுத்தா கொஞ்சம் இழப்பு உண்டுதான். ஆனா மூச்சு விட முடியாம உக்காந்துக்கிட்டே ராத்திரி கழிக்கிற ஒரு வயசானவங்களுக்கு அந்தக் கணக்கு பார்க்கக் கூடாதும்மா. நீர் எடுத்தா அவங்க அன்னைக்கு படுத்துத் தூங்குவாங்க. அது பெரிய விஷயம்.

ஏன் மறுபடி கோக்குதுன்னா, ஊத்து அப்படியே இருக்கறப்போ இறைக்க இறைக்க கிணறு ஊறத்தான் செய்யும். உறைல இருக்கற மைலோமா செல் அடங்கற வரைக்கும் நீர் வரும். அதனால முக்கிய ட்ரீட்மென்ட் உடம்பு முழுசுக்கும் போற மைலோமா மருந்துதான், அதை மாத்தணுமா, புது கூட்டு மருந்து குடுக்கணுமான்னு ஹெமட்டாலஜிஸ்ட் முடிவு பண்ணணும். மருந்து கேட்டா நீர் தானா நின்னுடறதும் உண்டு. அது வரைக்கும் மூச்சு சிரமப்படாம இருக்கத்தான் இந்த ட்யூப்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ப்ளூரோடெசிஸ், நீரை முழுசா வடிச்சுட்டு சுத்தம் பண்ணின டால்க்கை உள்ள விட்டு ரெண்டு உறையையும் ஒட்ட வைக்கறது. நுரையீரல் நல்லா விரிஞ்சு நெஞ்சுச் சுவரைத் தொட்டாதான் ஒட்டும், தொடலைன்னா பலன் இல்ல. இன்னொண்ணு தோலுக்கு அடியில சொருகி நாள் கணக்கா வச்சிருக்கற மெல்லிசு ட்யூப், வீட்லயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாட்டில்ல வடிச்சுக்கலாம், ஆஸ்பத்திரில கிடக்க வேண்டாம். இன்ஃபெக்ஷன் பயம் ரெண்டுலயும் உண்டு, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு கூடுதலாவே உண்டு, அதனால கை சுத்தம், ட்ரெஸ்ஸிங் விஷயத்துல ரொம்ப கண்டிப்பா இருக்கணும். ட்யூப் சுத்தி சிவந்தாலோ வலிச்சாலோ வர்ற நீர் கலங்கலா ஆனாலோ அன்னைக்கே காட்டிடுங்க. அவங்க உடம்பு நிலைமைக்கு எது சரின்னு டாக்டரோட பேசி எடுங்க, என்னைக் கேட்டா வீட்ல பாத்துக்க ஆள் இருக்கு, அவங்களுக்கும் ஆஸ்பத்திரி வாசம் பிடிக்கலைன்னா ட்யூப் பக்கம்தான் சாய்வேன்.

ஊசில எடுக்கறப்போ கவனிக்க வேண்டியது, அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்த்து எடுக்கச் சொல்லுங்க, நுரையீரல்ல ஊசி பட்டு காத்து கசியற அபாயம் அதுல குறையும். கீமோவால பிளேட்லெட் குறைஞ்சிருக்கான்னு பார்த்துட்டுதான் குத்தணும், ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினோ ஹெப்பரினோ போயிக்கிட்டிருந்தா முன்கூட்டியே சொல்லிடணும். ஒரே தடவைல ஒன்றரை லிட்டருக்கு மேல பொதுவா எடுக்கறதில்ல, ரொம்ப நாளா அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டுனு விரிஞ்சா அதுக்குள்ளயே நீர் சுரந்துடும். எடுக்கும்போது அவங்களுக்கு நெஞ்சு இறுக்கிப் பிடிக்கற மாதிரி இருந்தாலோ விடாத இருமல் வந்தாலோ பொறுத்துக்காம சொல்லச் சொல்லுங்க, அதோட நிறுத்திடுவாங்க.

கேள்வி: எனக்கு மைலோமா இல்ல, சிஎம்எல்ங்கற வேற வகை ரத்தப் புற்றுநோய். அதுக்கு டாசாடினிப் மாத்திரை மூணு வருஷமா சாப்பிடறேன், ரிப்போர்ட் எல்லாம் சூப்பரா இருக்கு. இப்போ ரெண்டு பக்கமும் நீர் கோத்திருக்கு. கேன்சர் திரும்பிடுச்சா சார்?

பதில்: உங்க விஷயத்துல முதல்ல சந்தேகப்பட வேண்டியது மாத்திரையைத்தான் தம்பி, நோயை இல்ல. டாசாடினிபோட தெரிஞ்ச பக்கவிளைவே இதுதான், அதோட பெரிய ஆய்வுல 5 வருஷத்துல 28 சதவீதம் பேருக்கு நெஞ்சு நீர் வந்துச்சு. முதல் வருஷம் வரலைன்னா இனி வராதுன்னு கிடையாது, பல வருஷம் கழிச்சும் வரும், வயசு கூடினவங்களுக்கு இன்னும் அதிகம். ரத்தத்துல நோய் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கற பிசிஆர் ரிப்போர்ட் நல்லா இருந்தா நோய் அடக்கத்துலதான் இருக்கு. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, நீர் போற மருந்தோ குறைஞ்ச நாள் ஸ்டீராய்டோ குடுத்து, வடிஞ்ச பிறகு குறைஞ்ச டோஸ்ல திரும்ப ஆரம்பிப்பாங்க, இல்ல வேற மாத்திரைக்கு மாத்துவாங்க. நீங்களா நிறுத்தக் கூடாது, நீங்களா தொடரவும் கூடாது, இன்னைக்கே உங்க டாக்டரைக் கூப்பிடுங்க.

இந்த நீர்லயும் லிம்ஃபோசைட் செல் அதிகமா இருக்கும், அதனால இங்கயும் டிபின்னு தப்பா போக வாய்ப்பு இருக்கு, ரிஃபாம்பிசின் டாசாடினிபையும் உடம்புல குறைச்சுடும். நீர் எடுக்கறவர்கிட்ட நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கண்டிப்பா சொல்லுங்க. எக்கோ ஒண்ணு பண்ணிக்கங்க, அரிதா இதே மருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல பிரஷரைக் கூட்டும், அதுலயும் மூச்சு வாங்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு மைலோமா நீர்தான்னு உறுதி பண்ணிட்டாங்க. நெட்ல படிச்சா எல்லாமே மாசக்கணக்குன்னு போட்டிருக்கு. இதுதான் கடைசிக் கட்டமா? உண்மையைச் சொல்லுங்க டாக்டர்.

பதில்: உண்மையைத்தான் சொல்லணும்னு கேட்டிருக்கீங்க, சொல்றேன். இது லேசான விஷயம் இல்ல. மைலோமா மஜ்ஜையை விட்டு வெளிய வந்து வளர்றதுங்கறது அந்த செல்லுங்க முரட்டுத்தனமா மாறிடுச்சுங்கறதுக்கு அடையாளம், மருந்து கேக்கறதும் குறையும், கேட்டாலும் நீடிக்கற காலம் குறைவா இருக்கும். நீங்க படிச்சது பழைய ரிப்போர்ட்டுகள், அதுல நிஜமாவே பெரும்பாலானவங்க மாசக்கணக்குலதான் இருந்திருக்காங்க.

ஆனா அந்த ரிப்போர்ட்டுகள்ல பலது இப்ப இருக்கற மருந்துகள் வர்றதுக்கு முன்னாடி எழுதினது, அதுலயும் ஒவ்வொரு நோயாளியா எழுதினது, பெரிய ஆய்வு கிடையாது, ஏன்னா அவ்வளவு பேருக்கு இது வர்றதே இல்ல. போர்டெசோமிப் வந்தது 2003ல, டாராடுமுமாப் 2015ல, மைலோமா செல் மேல இருக்கற பிசிஎம்ஏங்கற புரதத்தைக் குறி வைக்கற கார் டி செல் சிகிச்சை, அதாவது நோயாளியோட எதிர்ப்பு செல்லையே மாத்தி திரும்ப ஏத்தறது, 2021ல. இந்த மருந்துகளால நீர் வத்தி நல்லா இருந்தவங்களைப் பத்தியும் ரிப்போர்ட் வந்திருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு இது வியாதியோட ஆரம்பத்துலயே வந்ததா, நாலு வகை மருந்து பார்த்த பிறகு வந்ததான்னு உங்க கடிதத்துல இல்ல, அதைப் பொறுத்து பதிலே மாறும். இதுவரைக்கும் தொடாத மருந்து ஏதாவது பாக்கி இருக்கா, ட்ரையல்ல சேர வாய்ப்பு இருக்கான்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க.

அதோட சேர்த்து பாலியேட்டிவ் டாக்டரையும் இப்பவே பாருங்க. பாலியேட்டிவ்னா கைவிட்டுட்டாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, மைலோமா மருந்து போயிக்கிட்டிருக்கும்போதே மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் தூக்கத்துக்கும் அவங்க வைத்தியம் பண்ணுவாங்க. மூச்சுத் திணறலுக்கு சின்ன டோஸ் மார்ஃபின் குடுப்பாங்க, அதைக் கேட்டு பயப்பட வேண்டாம், அளவா குடுத்தா அந்தத் தவிப்பு குறையும். அப்புறம், அவருக்கு எவ்வளவு தெரியணும்னு அவர்கிட்டயே கேளுங்கம்மா. நோயாளிகிட்ட மறைச்சு குடும்பம் மட்டும் அழறதை நான் நிறைய பார்த்துட்டேன், பெரும்பாலும் அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: மூச்சை இழுத்தா விலாவுல குத்துது. மைலோமா இருக்கு. மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை எதுவுமே மைலோமா நோயாளி தானா சாப்பிடக் கூடாது, ஏற்கனவே லைட் செயின் புரதத்தால சிரமப்படற கிட்னியை அது இன்னும் கெடுத்துடும். டாக்டரைப் பாக்கற வரைக்கும் பாராசிட்டமால் அளவோட எடுத்துக்கலாம், முன்னாடி காய்ச்சல் பார்த்து எழுதி வச்சுட்டு போடுங்க, இல்லைன்னா அது காய்ச்சலை மறைச்சுடும். குத்தற வலி உறை அழற்சியாவும் இருக்கலாம், மைலோமா அரிச்ச விலா எலும்பு ஒரு இருமல்லயே கீறிடறதும் உண்டு, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்தாதான் தெரியும். வலி திடீர்னு வந்து கூடவே மூச்சு வாங்கினா, இல்ல ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, லெனலிடோமைட் சாப்பிடறவரா இருந்தா முக்கியமா, காலைல பாத்துக்கலாம்னு விடாம அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.